ஈகை நற்சான்றிதழ் ஆகலாமா?

கொடுப்பவனின் கை மேலே இருக்கிறது. வாங்குபவனின் கை கீழே இருக்கிறது. ஈகை என்னும் அறம் நிறைவேற இந்த இரண்டு கைகளே நெடுங்காலம் போதுமானவையாக இருந்தன. நம் காலத்தில் மூன்றாவதாக ஒரு கை வந்து சேர்ந்திருக்கிறது. அது படம் பிடிக்கும் கை.

மேலை நாடுகளில் வாழும் முஸ்லிம்களின் அறப்பணிகளைப் பற்றிய செய்திகளை இன்று நாம் அடிக்கடி படிக்கிறோம். வெள்ளம் சூழ்ந்த ஊரில் உணவுப் பொட்டலம் வழங்குகிறார்கள். கடுங்குளிரில் வீதியோரம் உறங்குவோர்க்குக் கம்பளி போர்த்துகிறார்கள். வரிசையில் நின்று இரத்ததானம் செய்கிறார்கள். படிக்கும்போது நம் நெஞ்சு நிறைகிறது. ஆயினும், அச்செய்திகளின் அடியில் பெரும்பாலும் ஒரு வாசகமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இஸ்லாம் அன்பு மார்க்கம் என்று இந்நாட்டு மக்களுக்குக் காட்டவே இதனைச் செய்கிறோம் என்பது அந்த வாசகம். முதலில் அது நமக்குப் பெருமிதத்தைத் தருகிறது. சற்று நின்று எண்ணினால் ஓர் உறுத்தலையும் தருகிறது. பசித்தவனின் பசியைக் கண்டு கொடுத்தோமா, அல்லது பார்ப்பவனின் மதிப்பீட்டைக் கருதிக் கொடுத்தோமா? ஒரு சமுதாயத்தின் மீது விழுந்த பழியைத் துடைப்பதற்காகச் செய்யப்படும் தருமம், தருமம் என்னும் பெயருக்கு உரியதாகுமா? இந்த வினாவையே ஈண்டு நாம் ஆராய விழைகிறோம்.

நாணயத்திலிருந்து தொடங்கிய பணி

முதலில் உள்ளதை உள்ளவாறு காண வேண்டும். மேலை நாட்டு முஸ்லிம்களின் அறப்பணி நேற்று முளைத்ததன்று. பழிக்கு அஞ்சிப் பிறந்ததும் அன்று.

1984ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவைக் கொடிய பஞ்சம் வாட்டியபோது, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் இருந்த எகிப்திய மருத்துவர் ஹானி அல்பன்னாவும் அவருடைய தோழர்களும் பணம் திரட்டப் புறப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்த முதல் நன்கொடை 20 பென்ஸ். அந்தச் சிறு நாணயத்திலிருந்து வளர்ந்ததே, இன்று பல கண்டங்களில் பணியாற்றும் ‘இஸ்லாமிக் ரிலீஃப்’ என்னும் நிறுவனம். அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1985இல், இலண்டனில் ‘முஸ்லிம் எய்ட்’ தோன்றியது. அந்நாளில் முஸ்லிம்கள் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பசித்த வயிறுகள் கேட்டன, அவர்கள் எழுந்தார்கள்.

அமெரிக்காவைப் பார்ப்போம். ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்துத் துன்புறுத்திய வழக்கில் காவலர்கள் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பு வந்தபோது, 1992இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பற்றி எரிந்தது. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எரிந்து தணிந்த அந்த ஏழைப் பகுதியில் மருத்துவ வசதி மிகக் குறைவு என்பதைக் கண்டு வருந்திய முஸ்லிம் மருத்துவ மாணவர்கள் சிலர், பல்லாண்டு முயன்று, 1996இல் ‘உம்மா’ என்னும் பெயரில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தைத் திறந்தனர். அதன் வாயிலில் வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் இலத்தீன் அமெரிக்க வழியினரும் கறுப்பினத்தவருமாகிய ஏழைகள். அவர்களுள் முஸ்லிம்கள் மிகச் சிலரே. சிகாகோ நகரின் தென்மேற்குப் பகுதியில் 1997இல் முறையாக நிறுவப்பட்ட ‘இமான்’ என்னும் அமைப்பு, ஏழைகளுக்கு மருத்துவ உதவி செய்வதோடு, சிறையிலிருந்து மீண்டு வந்தவர்களுக்குத் தங்க இடமும் தொழிற்பயிற்சியும் அளித்து வருகிறது.

இவை யாவும் 2001ஆம் ஆண்டுக்கு முற்பட்ட தொடக்கங்கள் என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கொடையின் மீது படிந்த நிழல்

2001 செப்டம்பர் 11க்குப் பின் நிலைமை மாறியது. ஒரு சிலர் செய்த கொடுஞ்செயலுக்காக ஒரு பெருஞ்சமுதாயம் ஐயத்தோடு நோக்கப்பட்டது. அந்த ஐயம் ஸகாத்தின் மீதும் படிந்தது. அமெரிக்காவில் முஸ்லிம் அறநிலையங்கள் பல மூடப்பட்டன. அவற்றின் சொத்துகள் முடக்கப்பட்டன. கொடுத்த பணத்துக்காகத் தாமும் விசாரிக்கப்படுவோமோ என்று அஞ்சியவர்கள், கொடுப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்த அச்சத்தை விரிவாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள் கெய்ரோவில் உரையாற்றிய அதிபர் ஒபாமா, தம் நாட்டின் அறக்கொடை விதிகள் முஸ்லிம்கள் தம் மார்க்கக் கடமையை நிறைவேற்றுவதைக் கடினமாக்கியுள்ளன என்று ஒப்புக்கொண்டார்.

ஐயத்துக்கு ஆளானவன் என்ன செய்வான்? தன் கைகளை விரித்துக் காட்டுவான். பாருங்கள், இந்தக் கைகளில் ஆயுதம் இல்லை. ரொட்டி இருக்கிறது என்பான். அவனைக் குறைகூற நமக்கு மனம் வராது. எனினும், அந்த நொடியில் ரொட்டியின் தன்மை மாறிவிடுகிறது. பசித்தவனுக்கு உணவாக இருந்த அது, பார்ப்பவனுக்குச் சாட்சியமாகிவிடுகிறது.

இதன் உச்சநிலையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2015 ஜனவரி 9ஆம் நாள், பாரிஸ் நகரின் யூதக் கடையொன்றில் துப்பாக்கியுடன் ஒருவன் புகுந்து நால்வரைக் கொன்றான். அக்கடையில் பணியாற்றிய லசானா பத்திலி என்னும் முஸ்லிம் இளைஞர், வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளத்துக் குளிர்பதன அறையில் ஒளித்து வைத்துக் காத்தார். கொலைஞனும் மாலி நாட்டு வழியில் வந்தவனே. காத்தவரும் மாலி நாட்டில் பிறந்தவரே. குடியுரிமைக்கு முன்னரே விண்ணப்பித்திருந்த பத்திலிக்கு, அந்நிகழ்ச்சி நடந்த சில நாள்களுக்குள் பிரெஞ்சு அரசு குடியுரிமை வழங்கிச் சிறப்பித்தது. அவரைப் போற்றாதவர் யார்? ஆனால் அந்தப் போற்றுதலுக்குள் கசப்பான ஒரு செய்தியும் இருக்கிறது. கடையில் பெட்டி சுமந்து அமைதியாக வாழ்ந்த அத்தனை ஆண்டுகள் அவருடைய மனிதத் தன்மைக்குப் போதிய சான்றாகவில்லை. துப்பாக்கி முனையில் பிற உயிர்களைக் காத்த பின்னரே கதவு விரைந்து திறந்தது.

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய் பரவியபோது, மருத்துவப் பணியில் இருந்து அந்நோய்க்கு முதன்முதலில் பலியானவர்கள் என அறியப்பட்ட நான்கு மருத்துவர்களும் முஸ்லிம்கள். பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். குடியேறியவர்கள் இந்நாட்டுக்குச் சுமையா என்று கேட்டவர்களுக்கு இவர்களின் மரணமே விடை என்று பலர் எழுதினர். நல்ல எண்ணத்தோடுதான் எழுதினர். ஆயினும் கேட்கத் தோன்றுகிறது: ஒரு மனிதன் சுமையல்லன் என்பதை மெய்ப்பிக்க அவன் மாண்டாக வேண்டுமா?

எதிர்வாதத்தின் வலிமை

மறுபக்கத்தின் வாதத்தையும் நாம் நேர்மையோடு எடுத்துரைக்க வேண்டும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று.

வெளிப்படையாகக் கொடுப்பதைத் திருமறை தடுக்கவில்லை. அதுவும் நன்றே என்கிறது. மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது மேலும் நன்று என்று படிநிலை காட்டுகிறது, அவ்வளவே. ஒருவர் கொடுப்பதைக் கண்டு மற்றொருவர் கொடுக்க முன்வருவார். மேலும், ஸகாத்துக்கு உரியவர்கள் எனத் திருமறை வகுத்த எட்டு வகையினருள், உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியவர்களும் ஒரு வகையினர் அல்லரோ? பகைமை கொண்ட நெஞ்சைக் கொடையால் கனிவிப்பதை மார்க்கமே ஒரு நோக்கமாக ஏற்றிருக்கிறதே! பள்ளிவாசலின் சுவரில் இழிசொல் எழுதப்படும் ஊரில், தலையில் முக்காடிட்ட சிறுமி பேருந்தில் அஞ்சி அமரும் ஊரில், அண்டை வீட்டாரின் வெறுப்பைத் தணிக்க ஒரு வேளை உணவு உதவுமானால், அதனை முகஸ்துதி என்று இகழ்வது பாதுகாப்பாக வாழ்பவர்கள் பேசும் பேச்சு ஆகாதா?

இந்த வாதத்தில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. அதனை நாம் ஏற்கிறோம். ஆனால் உள்ளங்களை இணக்கும் பங்கின் வரலாற்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்துக்குப் பின், அப்பங்கை வழக்கமாகப் பெற்றுவந்த குலத்தலைவர்கள் சிலர் மீண்டும் கேட்டு வந்தபோது, உமர் (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். இஸ்லாம் வலுவற்றிருந்த நாளில் உங்களை இணக்க வேண்டியிருந்தது. இன்று அத்தேவை இல்லை என்பது அன்னாரின் கருத்து. அப்பங்கு முற்றிலும் நீங்கிவிட்டது என ஹனஃபி அறிஞர்களும், தேவை எழுந்தால் மீளும் எனப் பிறரும் கூறுவர். எப்படியாயினும் ஒன்று தெளிவு. அப்பங்கு எட்டில் ஒன்று. பட்டியலின் தலைப்பில் நிற்பவர்களோ வறியவர்களும் ஏழைகளுமே. விதிவிலக்கான ஒரு நோக்கம், ஈகை முழுவதையும் ஆளத் தொடங்கினால், வீட்டில் ஓர் அறையைக் கேட்டு வந்தவன் வீட்டையே எடுத்துக்கொண்ட கதையாகிவிடும்.

சான்றுக்குக் கொடுப்பதால் விளையும் கேடுகள்

நற்சான்று தேடும் ஈகையில் நாம் நான்கு கேடுகளைக் காண்கிறோம்.

முதலாவது, நிய்யத்து குலைகிறது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவன் வள்ளல் என்றும், மக்கள் உன்னை வள்ளல் என்று சொல்லவேண்டும் என்பதற்காகக் கொடுத்தாய், அவ்வாறே சொல்லப்பட்டும் விட்டது என்று அவனுக்குக் கூறப்படும் என்றும் நபிமொழி எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையின் கூர்மையை உணர வேண்டும். அவன் கேட்ட கூலி அவனுக்கு மறுக்கப்படவில்லை. உலகிலேயே முழுமையாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. தனி மனிதனுக்கு உள்ள இந்த ஆபத்து, சமுதாயத்துக்கு மட்டும் இல்லாமற் போகுமா? என்னைப் புகழுங்கள் என்று கேட்பதற்குக் கூசுகின்ற மனிதன், என் சமுதாயத்தைப் புகழுங்கள் என்று கூசாமல் கேட்கிறான். நப்ஸு தன் முகத்தைச் சமுதாயம் என்னும் திரைக்குப் பின்னே மறைத்துக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது, வாங்குபவன் கருவியாக்கப்படுகிறான். வறுமையில் உழல்பவனுக்கு எஞ்சியிருக்கும் உடைமை அவனுடைய மானம் ஒன்றே. ரொட்டியை ஒரு கையில் கொடுத்து, அவன் முகத்தை மறுகையால் படம் பிடிக்கும்போது, கொடுத்ததைவிட மிகுதியாக எடுத்துக்கொள்கிறோம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதாலும் மனத்தைப் புண்படுத்துவதாலும் தருமத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று திருமறை கட்டளையிடுகிறது. ஒருமுறை வாயால் சொல்லிக்காட்டுவதே கொடையைப் பாழாக்குமென்றால், ஆயிரம் கண்கள் காணப் படமாகச் சொல்லிக்காட்டுவதை என்னென்பது?

மூன்றாவது, பார்வைக்கு உகந்த தேவைகளே தெரிந்தெடுக்கப்படுகின்றன. மழலைக்குப் பால் கொடுக்கும் படம் எல்லாரையும் கவரும். சிறையிலிருந்து வந்தவனுக்கு வீடு கொடுக்கும் படம் யாரையும் கவராது. எதிர்ப்பையே கிளப்பவும் கூடும். போதைக்கு அடிமையானவனும், மனநோயுற்றவனும், துர்நாற்றத்தோடு வரும் முதியவனும் எந்த நற்சான்றுக்கும் உதவமாட்டார்கள். ஆகவே, சான்று தேடும் ஈகை அவர்களைக் கடந்து போய்விடும். சிகாகோவில் ‘இமான்’ செய்யும் பணியை நாம் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதுவே. சமுதாயம் யாரை மறக்க விரும்புகிறதோ அவனைத் தேடிச் செல்லும் ஈகை, சான்றுக்காகச் செல்லவில்லை என்பது தானே விளங்கும்.

நான்காவதே கொடியது. சான்று காட்டுவதற்கு நாம் இசைந்த நொடியிலேயே, நம் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்கும் இசைந்தவர்களாகிறோம். பிறர் தவறு செய்யும்வரை நல்லவர்கள். நாம் நன்மை செய்யும்வரை ஐயத்துக்குரியவர்கள் என்னும் அளவுகோலை நம் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறோம். இந்தக் கடன் அடைபடக்கூடியதா என்றால் அதுவும் இல்லை. பத்தாயிரம் பேர் பத்தாண்டுகள் ஊட்டிய உணவை, ஒரு மூடன் ஒரு மாலைப்பொழுதில் செய்யும் வன்செயல் துடைத்துவிடுகிறது. மறுநாள் காலை கணக்கு மீண்டும் சுன்னத்திலிருந்து, அதாவது பூச்சியத்திலிருந்து, தொடங்குகிறது. அடையாத கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே இருப்பவன், ஒருநாள் களைத்துப்போய்க் கொடுப்பதையே நிறுத்திவிடுவான். அவர்கள் மனம் மாறவில்லையே, இனி எதற்காக என்பான். இழப்பு யாருக்கு? மனம் மாறாதவனுக்கு இழப்பு ஏதுமில்லை. பசித்திருந்தவனே இழந்தவன்.

விருந்தாளியும் வீட்டுக்காரனும்

அப்படியாயின் ஈகை எதன்மேல் நிற்க வேண்டும்? அண்டை வீட்டானின் உரிமை என்னும் ஹக்கின்மேல் நிற்க வேண்டும் என்பது நம் கருத்து.

செல்வர்களின் பொருளில், கேட்பவனுக்கும் கேட்க இயலாதவனுக்கும் உரிமை உண்டு என்பது திருமறையின் கோட்பாடு. உரிமையுள்ளவனிடம் அவன் பொருளைச் சேர்ப்பவன், அதற்காக நன்றியோ நற்சான்றோ கேட்பதில்லை. மாற்றுச் சமயத்தவரான உறவினர்க்குக் கொடுக்கலாமா என்று தோழர்கள் தயங்கியபோது, அவர்களை நேர்வழிக்குக் கொண்டுவருவது உம்முடைய பொறுப்பன்று என்னும் கருத்துடைய திருவசனம் இறங்கியது என்று விரிவுரையாளர்கள் கூறுவர். எத்துணை ஆழ்ந்த போதனை! கொடுப்பது உன் கடமை. அவன் உள்ளம் எப்படித் திரும்புகிறது என்பது உன் கணக்கில் இல்லை. முதுமையில் பிச்சையெடுத்து நின்ற ஒரு யூதரைக் கண்ட கலீபா உமர் (ரலி) அவர்கள், இளமையில் இவரிடம் வரி பெற்றோம், முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கருதி, பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்க ஆணையிட்டார்கள். அங்கே யாருக்கும் எதனையும் மெய்ப்பிக்க வேண்டிய தேவை அந்தப் பேரரசருக்கு இல்லை. அந்த முதியவரின் உரிமை ஒன்றே அவர்கள் கண்ணில் பட்டது.

இங்கேதான் மேலை நாட்டு முஸ்லிம்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா எழுகிறது. நாம் இந்நாட்டில் விருந்தாளிகளா, வீட்டுக்காரர்களா? விருந்தாளி, தான் தங்கியிருக்கும் வீட்டாரின் முகம் பார்த்து நடக்கிறான். பாத்திரம் கழுவிக் கொடுத்தாலும், நல்ல விருந்தாளி என்ற பெயருக்காகக் கழுவுகிறான். வீட்டுக்காரன் அப்படியில்லை. முற்றத்தில் குப்பை கிடந்தால் கூட்டுகிறான். கூரை ஒழுகினால் ஏறி அடைக்கிறான். யாரும் அவனைப் பாராட்டுவதில்லை; அவனும் எதிர்பார்ப்பதில்லை. அது அவன் வீடு.

ஒரு தலைமுறை வரையில் அங்குள்ள முஸ்லிம்களின் ஸகாத் பெரும்பாலும் தாய்நாட்டை நோக்கியே கப்பலேறியது. அதில் தவறில்லை, துயரம் எங்கே மிகுதியோ அங்கே கை நீள்வது இயல்பு. எனினும், யமன் நாட்டுக்கு முஆத் (ரலி) அவர்களை அனுப்பியபோது, அவர்களின் செல்வர்களிடம் பெற்று அவர்களின் ஏழைகளுக்கே வழங்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அடிப்படையாகக் கொண்டு, ஸகாத் திரட்டிய ஊரிலேயே செலவிடப்படுவது முறை என்று சட்ட அறிஞர்கள் கூறியுள்ளனர். பிரிட்டனில் 2011இல் தொடங்கப்பட்ட ‘தேசிய ஸகாத் அறக்கட்டளை’, அந்நாட்டில் திரட்டியதை அந்நாட்டு ஏழை முஸ்லிம்களுக்கே வழங்கும் நோக்குடையது. ஸகாத்துக்கு வரம்புகள் உண்டு. அது முஸ்லிம் ஏழைகளுக்கே உரியது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. ஸதகாவுக்கோ அத்தகைய வேலி இல்லை. இரண்டும் அண்மையிலிருந்து தொடங்கும்போது, கொடுப்பவர்கள் அந்த மண்ணில் வேர்விட்டவர்களாகிறார்கள்.

வீட்டுக்காரனின் ஈகை எப்படியிருக்கும் என்பதற்கு இலண்டன் மாநகரமே சான்று பகர்ந்திருக்கிறது. 2017 ஜூன் 14ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒரு மணி அளவில், வட கென்சிங்டன் பகுதியில் 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் கட்டடம் தீப்பற்றியது. 72 பேர் மாண்டனர். அது ரமலான் மாதம். இரவுத் தொழுகை முடித்தும் ஸஹர் உணவை எதிர்நோக்கியும் விழித்திருந்த முஸ்லிம்கள் பலர், உறங்கிக்கொண்டிருந்த அண்டை வீட்டாரின் கதவுகளைத் தட்டி எழுப்பினர். அப்போது கதவைத் தட்டியவர்களின் நெஞ்சில் இஸ்லாத்தின் பெருமை பற்றிய எண்ணம் ஓடியிருக்குமா? புகை சூழ்ந்த தாழ்வாரத்தில் அதற்கு நேரமேது? உள்ளே ஆள் இருக்கிறார்கள், எழுப்ப வேண்டும், அவ்வளவே. அருகிலிருந்த அல்மனார் பள்ளிவாசலும் மாதா கோயில்களும் அன்றே கதவைத் திறந்துவைத்தன; வந்தவர் எச்சமயத்தார் என்று கேட்கவில்லை.

அதன் பின் நடந்ததும் எண்ணத்தக்கது. வீடிழந்து, சமைக்க அடுப்பும் இழந்த பெண்கள் சிலர், அல்மனாரின் சமையற்கூடத்தில் கூடித் தம் குடும்பத்தார்க்கும் அண்டை அயலார்க்கும் சமைக்கத் தொடங்கினர். அன்பு எனப் பொருள்படும் ‘ஹுப்’ என்னும் அரபுச் சொல்லை அதற்குப் பெயராக இட்டனர். வாரத்தில் இரண்டு நாள்களே திறக்க இயன்ற அந்த அடுக்களையைப் பிற நாள்களிலும் திறப்பதற்குப் பொருள் வேண்டி, 2018இல் அவர்களின் சமையற் குறிப்புகள் ஒரு நூலாக வெளிவந்தன. வாங்கும் நிலையில் இருந்தவர்களே கொடுப்பவர்களானார்கள். மேல் கை, கீழ் கை என்னும் வேறுபாடு அந்த அடுப்படியில் கரைந்து போயிற்று. ஈகையின் நிறைவு இதுவே என்று நாம் கருதுகிறோம்.

கணக்கு வேறு, காட்சி வேறு

அவ்வாறாயின் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிட வேண்டுமா என்று கேட்கலாம். நாயகத்தின் கொள்ளுப்பேரர் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள், இரவின் இருளில் மாவு மூட்டைகளைத் தம் முதுகில் சுமந்து மதீனத்து ஏழைகளின் வாயிலில் வைத்துவிட்டு வருவார்களாம். அவர்கள் மறைந்த பின் மூட்டைகள் வருவது நின்றபோதுதான், கொடுத்தவர் யார் என்பதை ஏழைகள் அறிந்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. தனி மனிதனுக்கு அதுவே சிகரம். ஆனால் பலருடைய பணத்தைக் கையாளும் நிறுவனம் இருளில் நடக்கலாகாது. அது அமானிதம். எவ்வளவு வந்தது, எங்கே சென்றது என்று கொடுத்தவர்க்கும் நாட்டின் சட்டத்துக்கும் அது கணக்குக் காட்டியே ஆகவேண்டும். கணக்குக் காட்டுவது வேறு. காட்சி காட்டுவது வேறு. கணக்கில் தொகை இருக்கும், செலவு இருக்கும், தணிக்கை இருக்கும். ஏழையின் முகம் அதில் இருக்கவேண்டிய தேவை இல்லை.

வாங்கும்போதும் ஒரு சோதனை உண்டு. 2017 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து விக்டோரியா நகரில் பள்ளிவாசல் தீக்கிரையானபோது, அவ்வூர் யூதர்கள் தம் வழிபாட்டிடத்தின் திறவுகோலை முஸ்லிம்களிடம் கொடுத்தனர். அடுத்த மாதம் செயின்ட் லூயிஸ் நகரின் அருகே யூதர்களின் அடக்கத்தலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைக் கற்கள் சாய்க்கப்பட்டபோது, அவற்றைச் சீரமைக்க முஸ்லிம்கள் பொருள் திரட்டினர். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகர யூத ஆலயத்தில் 11 பேர் கொல்லப்பட்டபோது, அவர்களின் குடும்பங்களுக்காக முஸ்லிம்கள் திரட்டிய தொகை 2 இலட்சம் டாலரைத் தாண்டியது. 2019 மார்ச் 15ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபோது, அதே பிட்ஸ்பர்க் யூதர்கள் நம்மவர்க்காக நிதி திரட்டினர். அந்தத் திறவுகோலை வாங்கியவர்கள், இதனால் உங்கள் சமுதாயம் நல்லது என மெய்ப்பித்துவிட்டீர்கள் என்று யூதர்களிடம் கூறியிருப்பார்களா? கூறியிருந்தால் அது எவ்வளவு பெரிய அவமதிப்பாக இருந்திருக்கும்! துயருற்றவனின் வீட்டுக்கு அண்டை வீட்டான் வந்தான் என்பதற்கு மேல் அங்கே பொருள் தேட வேண்டியதில்லை. பிறர் நமக்குச் செய்யும்போது எந்தப் பொருளைத் தேடமாட்டோமோ, அந்தப் பொருளை நாம் பிறர்க்குச் செய்யும்போதும் ஏற்றிச் சொல்லாதிருப்பதே முறை.

நற்பெயர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நற்பெயர் நிழலைப் போன்றது. கதிரவனை நோக்கி நடப்பவனின் பின்னே அது தானாக வரும். அதனைப் பிடிக்கத் திரும்பி ஓடுபவனுக்கு முன்னே ஓடிக்கொண்டே இருக்கும். ‘உம்மா’ நிலையத்தில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஏழைத் தாய், முஸ்லிம்களைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தால் மகிழ்ச்சியே. அவள் எந்த எண்ணமும் கொள்ளாமல், தன் குழந்தையின் காய்ச்சல் தணிந்தது என்ற நிம்மதியோடு மட்டுமே வீடு திரும்பியிருந்தாலும், அந்தப் பணி முழுமையாக நிறைவேறியதே ஆகும்.

நம் ஊர்களிலிருந்து சென்ற பிள்ளைகளும் இன்று அந்நாடுகளில் வேர்விட்டு வாழ்கிறார்கள். அவர்களுக்கு எழுதும் மடல்களில் நாம் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. யாரும் பார்க்காவிட்டாலும் இதனைச் செய்வேனா? பார்த்தவர் மனம் மாறாவிட்டாலும் நாளையும் செய்வேனா? வாங்கியவர் என் பெயரையும் என் மார்க்கத்தையும் அறியாமலே போய்விட்டாலும் எனக்கு நிறைவுண்டா? இந்த மூன்று வினாக்களுக்கும் ஆம் என்று நெஞ்சு கூறினால், படம் பிடிப்பவன் அருகில் நின்றாலும் அந்த ஈகைக்குக் குறைவு நேராது. கூறாவிட்டால், அவனை அப்புறப்படுத்திவிட்டுக் கொடுக்கட்டும். பசித்தவன் காத்திருக்கிறான், அவனுக்கு வேண்டியது உணவு.